எப்படி இயங்குகிறது? இழுவைப் போட்டி டிராக்டரும் பாட்டியின் ஊதாங்குழலும்

ஈர விறகு புகைந்தால் என் பாட்டி இன்னொரு விறகைச் சொருக மாட்டார். மூலையில் சாய்த்து வைத்திருக்கும் ஊதாங்குழலை எடுத்துக் குனிந்து, கன்னம் உப்ப நாலு ஊது ஊதுவார். கண்ணைக் கரித்த புகை அடங்கிக் குப்பென்று தீ பிடிக்கும். விறகு அதே விறகுதான். கூடியது காற்று மட்டும். பழைய டீசல் டிராக்டர் ஒன்றை இழுவைப் போட்டிக்குத் தயார் செய்கிறவர் செய்வதும் அடிப்படையில் இந்த வேலைதான். மற்றதெல்லாம் அந்த ஊதலைத் தாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு.

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், சோளமும் சோயாவும் விளையும் சமவெளியில் பவுலிங் கிரீன் என்ற ஊர் இருக்கிறது. 1929-லேயே இந்த மாநிலத்தில் டிராக்டர்களை வைத்து இழுவைப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். 1967 முதல் தேசிய அளவிலான போட்டி பவுலிங் கிரீனில்தான் நடக்கிறது. ஆகஸ்டு மாத வெயிலில், களிமண் தடத்தின் இரு பக்கமும் விவசாயக் குடும்பங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கும் விளையாட்டு இது. ஊருக்கு ஒரு விதி என்று இருந்ததை ஒழுங்குபடுத்த 1969-ல் பல மாநிலத்தவர் கூடி ஒரு தேசியச் சங்கமும் அமைத்தார்கள்.

விளையாட்டைச் சொல்வது எளிது. டிராக்டருக்குப் பின்னால் ஒரு சறுக்கு வண்டியைப் பூட்டுவார்கள். 300 அடி தூரம் இழுக்க வேண்டும். முழுத் தூரத்தையும் இழுத்துவிட்டால் அது ‘ஃபுல் புல்’. ஒருவருக்கு மேல் இழுத்துவிட்டால், எடையைக் கூட்டி மறுபடி இழுக்கச் சொல்வார்கள்.

அந்தச் சறுக்கு வண்டியில்தான் சூட்சுமம். அரிசி மூட்டையைத் தரையில் இழுத்துக்கொண்டு போகிறீர்கள். நாலடிக்கு ஒரு பிள்ளை ஏறி மூட்டைமேல் உட்கார்ந்துகொள்கிறது என்று வையுங்கள். தொடக்கத்தில் ஓடுவீர்கள், பாதியில் நடப்பீர்கள், கடைசியில் நின்றுவிடுவீர்கள். ஆரம்ப காலத்தில் இதைச் சொன்னபடியே செய்தார்கள்: தடத்தின் ஓரத்தில் ஆட்கள் வரிசையாக நின்று, வண்டி தங்களைக் கடக்கும்போது ஒவ்வொருவராக அதில் ஏறினார்கள். இன்று அதை இயந்திரம் செய்கிறது. வண்டியின் பின்பக்கம் சக்கரம், முன்பக்கம் தரையோடு உரசும் இரும்புத் தட்டு. எடைப்பெட்டி முதலில் பின்சக்கரத்தின் மேல் இருக்கும். வண்டி நகர நகர, சக்கரத்தோடு பிணைத்த சங்கிலி அந்தப் பெட்டியைச் சரிவான தண்டவாளத்தில் முன்னோக்கி ஏற்றும். சக்கரம் சுமந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இரும்புத் தட்டின்மேல் இறங்கும். தட்டு மண்ணைக் கவ்வும்.

இந்தப் போட்டிக்குப் பழைய டிராக்டர்களைத் தேடிப் பிடிக்கிறவர்கள் விரும்பி எடுக்கும் வண்டிகளில் ஒன்று இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனத்தின் 1066. இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் இருந்த ஆலையில் 1971 முதல் 1976 வரை செய்தார்கள். நிறுவனம் செய்த ஐம்பது லட்சமாவது டிராக்டர் 1974-ல் வெளிவந்தது. அதுவும் ஒரு 1066-தான். அந்த நிறுவனத்தின் சிவப்பு டிராக்டர் நமக்கும் அந்நியமல்ல. 1963-ல் மகிந்திராவும் வோல்டாஸும் இந்த நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய கம்பெனியிலிருந்துதான் பி-275 நம் வயல்களுக்கு வந்தது.

1066-இன் எஞ்சின் ஆறு சிலிண்டர், 414 கன அங்குலம். நம் கணக்கில் 6.8 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆலையிலிருந்து வரும்போதே சின்ன டர்போ ஒன்று உண்டு. நிமிடத்துக்கு 2400 சுற்றில், பின்பக்கத் தண்டில் சுமார் 105 எச்.பி. கிடைக்கும். போட்டித் தடத்தில் ஆயிரம் எச்.பி.யைத் தாண்டுவது இன்று அதிசயமில்லை. இந்த இடைவெளியை எப்படிக் கடக்கிறார்கள்?

முதலில் காற்றின் கணக்கு. ஒரு கிலோ டீசல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். காற்று லேசானது என்பதால் இதன் பிரம்மாண்டம் நமக்குத் தெரிவதில்லை. கொள்ளளவாக மாற்றிப் பாருங்கள்: ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று. 414 எஞ்சின் 2400 சுற்றில் தானாக மூச்சிழுத்தால் நிமிடத்துக்குச் சுமார் எட்டாயிரம் லிட்டர்தான் உள்ளே போகும். அதாவது எவ்வளவு டீசலை ஊற்றினாலும், நிமிடத்துக்கு ஒரு லிட்டரைக்கூட அதனால் ஒழுங்காக எரிக்க முடியாது. மிச்சமெல்லாம் கரி. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்வில் சமைத்தவர்களுக்கு இது தெரியும். காற்று போதாதபோது மஞ்சள் தீ நாக்கு நீட்டிப் பாத்திரத்தின் அடியெல்லாம் கரி அப்பும். பம்ப் அடித்தால் தீ நீலமாகிச் சீறும்.

எஞ்சினுக்குப் பம்ப் அடிப்பது டர்போ. அடுப்பிலிருந்து மேலே போகிற புகையே ஒரு காற்றாடியைச் சுற்றி, அந்தக் காற்றாடியோடு இணைந்த ஊதாங்குழல் அடுப்பை ஊதினால் எப்படி இருக்கும்? டர்போ அதுதான். சைலன்சருக்குப் போகிற சூடான புகை ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. தீ கூடக் கூடப் புகை கூடும். புகை கூடக் கூட ஊதல் கூடும். நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தொடும் சக்கரங்கள் இவை.

எவ்வளவு ஊதுகிறது என்பதற்கு நம் வீட்டுக் குக்கரே அளவுகோல். விசில் கிளம்பும் நேரத்தில் குக்கருக்குள் வெளிக்காற்றைவிடச் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு அழுத்தம் கூடுதலாக இருக்கும். டர்போ அதே 15 பவுண்டு ஊதினால் எஞ்சினுக்குள் ஏறக்குறைய இரு மடங்கு காற்று போகிறது. ஆறே முக்கால் லிட்டர் எஞ்சின் பதின்மூன்று லிட்டர் எஞ்சினைப் போல மூச்சுவிடுகிறது. போட்டி வண்டிகளில் 50 பவுண்டு சாதாரணம். சூப்பர் ஸ்டாக் என்ற பிரிவில் ஒரு டர்போ ஊதியதை இன்னொரு டர்போ வாங்கி ஊத, அழுத்தம் நூறு பவுண்டைத் தாண்டும். ஒரே டர்போதான் வைக்கலாம் என்று கட்டுப்படுத்தும் பிரிவுகளும் உண்டு. என் மதிப்பில் அவையே அழகான பிரிவுகள். ஒரே குழலில் யார் நன்றாக ஊதுகிறார் என்பது அங்கேதான் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அமுக்கினால் காற்று சூடாகும். 50 பவுண்டு அழுத்தத்தில் காற்றின் சூடு 200 டிகிரி செல்சியசைத் தாண்டும். சூடான காற்று விரிந்த காற்று. அதே இடத்தில் குறைவாகத்தான் அடங்கும். பாடுபட்டு ஊதியதில் ஒரு பங்கு வீணாகிவிடும். அதனால் டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவே இன்டர்கூலரை வைத்து அதில் தண்ணீர் ஓடவிடுகிறார்கள். வெறும் தண்ணீர் அல்ல, ஐஸ் தண்ணீர். ஓட்டத்துக்குக் கொஞ்சம் முன்பு பனிக்கட்டி மூட்டையைப் பிரித்துத் தொட்டிக்குள் கொட்டுவார்கள். கல்யாணப் பந்தலில் மோர் அண்டாவுக்குள் ஐஸ் பாளத்தைப் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஓட்டம் முடியும் வரை குளிர்ச்சி நின்றால் போதும்.

காற்று வந்தாயிற்று. இனி எண்ணெய்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் மேலேறும்போது காற்றைப் பதினாறு மடங்கு அளவில் நெருக்கும். காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். காய்ந்த வாணலியில் கடுகு வெடிப்பதுபோல. பீய்ச்சுகிற பம்பும் நாசிலும் சேர்ந்தால் நம் இடியாப்ப உழக்கு. மேலிருந்து அமுக்கும் கட்டை பம்பின் பிளஞ்சர்; அடியில் துளை போட்ட வில்லை நாசில்.

வயல் வேலைக்கு அளந்து வைத்த பம்பைக் கழற்றிவிட்டு, சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சராக ஆறும் ஒரே வரிசையில் நிற்கும் பெரிய பம்பைப் பூட்டுவார்கள். கனரக லாரிகளில் வரும் பாஷ் நிறுவனத்தின் பி-வகைப் பம்ப் இதற்குப் பேர்போனது. அதிலும் 12 மில்லிமீட்டர் பிளஞ்சரை எடுத்துவிட்டு 13 மில்லிமீட்டர் போடுவது வழக்கம். ஒரு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். பிளஞ்சரின் பரப்பு 17 விழுக்காடு கூடுகிறது. ஒரே அமுக்கில் அவ்வளவு டீசல் கூடுதலாகப் போகும்.

பலர் தடுக்கி விழும் இடம் நாசில். டீசல் அதிகம் வேண்டும் என்று நாசில் துளையைப் பெரிதாக்குவது எளிது. ஆனால் இடியாப்பம் ஏன் சீக்கிரம் வேகிறது? இழை மெல்லியது, ஆவி எல்லாப் பக்கமும் சுற்றிக்கொள்கிறது. அதே மாவைக் கொழுக்கட்டையாகப் பிடித்தால் வெளியே வெந்திருக்கும், உள்ளே மாவாக இருக்கும். டீசலும் அப்படித்தான். மெல்லிய தூறலாக விழுந்தால் ஒவ்வொரு துளியையும் காற்று சூழ்ந்து எரிக்கும். தடித்த தாரையாக விழுந்தால் துளியின் வெளித்தோல் எரிந்து உள்ளே கரியாகிப் புகைபோக்கி வழியே போய்விடும். பெரிய துளைக்கு ஈடாக அழுத்தத்தையும் கூட்டத் தெரிந்தவருக்கே பெரிய நாசில் பலன் தரும். தடத்தில் எழும் கரும்புகையைப் பார்த்துக் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்தப் புகை எரியாமல் போன டீசல். இழுப்புக்கு உதவாமல் வெளியேறிய பலம் அது.

எப்போது பீய்ச்சுவது என்பதும் முக்கியம். எண்ணெயில் விழுந்த கடுகு உடனே வெடிப்பதில்லை. ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். பந்தியில் ஆள் உட்காரும் வேகம் கூடினாலும் கடுகு தன் நேரத்தைக் குறைத்துக்கொள்ளாது. சமைப்பவர்தான் முன்கூட்டியே தாளிக்க வேண்டும். 2400 சுற்றில் ஓடிய எஞ்சினை 4000-க்கு மேல் ஓட்டும்போது, டீசல் பற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் சுருங்குகிறது. எனவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு இன்னும் முன்பாகவே பீய்ச்சும்படி டைமிங்கை முன்னே நகர்த்தி வைப்பார்கள். அளவோடு நகர்த்த வேண்டும். மிகவும் முந்தினால், மேலேறி வந்துகொண்டிருக்கும் பிஸ்டனின் தலையிலேயே வெடிப்பு இறங்கும்.

வேகத்தைக் கூட்ட கவர்னரையும் மாற்ற வேண்டும். பொங்கும் பாலுக்குப் பக்கத்தில் நின்று, நுரை எழும்போதெல்லாம் தீயைத் தணிக்கிற ஆள் கவர்னர். 2400 சுற்று வந்ததும் டீசலைக் குறைத்துவிடும். அதன் ஸ்பிரிங்கை மாற்றி, இன்னும் பொங்கட்டும் என்று விடுகிறார்கள்.

இனி பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு இந்தக் கைத்தொழிலில் மிகுந்த மரியாதை ஏற்படுவது இங்கேதான். தீயைக் கூட்டுவது ஒரு நாள் வேலை; பாத்திரத்தைக் கெட்டிப்படுத்துவது ஒரு குளிர்கால வேலை. அறுவடை முடிந்து வயல் பனியில் உறைந்து கிடக்கும் மாதங்களில் கொட்டகைக்குள் நடப்பது இதுதான்.

குக்கரின் மூடி ஓரத்தில் ஆவி கசிந்தால் என்ன செய்கிறோம்? கேஸ்கட்டை மாற்றுகிறோம். எஞ்சினிலும் சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவே கேஸ்கட் உண்டு. ஆனால் அங்கே வெடிக்கும் நேரத்து அழுத்தம் குக்கரைப்போல நூறு மடங்குக்கும் மேல். சாதாரணக் கேஸ்கட் ஊதித் தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரின் வாயைச் சுற்றியும் காடி வெட்டி, அதில் உலோக வளையத்தைப் பதிக்கிறார்கள். ஹெட்டை இறுக்கும் போல்ட்டுகளுக்குப் பதிலாக உயர்தர எஃகில் செய்த ஸ்டட்டுகள் வரும். மூடி இப்போது நகராது.

அடுத்தது, பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு. சல்லடையில் மாவு சலிக்கும்போது எங்கே வலிக்கிறது? கை போகும்போது அல்ல, திரும்பும்போது. மணிக்கட்டு அந்தத் திருப்பத்தைத்தான் தாங்குகிறது. பிஸ்டனும் ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை நின்று திரும்புகிறது. அந்தத் திருப்பத்தின் மணிக்கட்டு ராடு. வேகம் இரு மடங்கானால் திருப்பத்தின் இழுப்பு நான்கு மடங்காகும். 2400-க்குச் செய்த ராடு 4800-இல் நான்கு பங்கு இழுப்பைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் அது எஞ்சினின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். எனவே முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்த ராடுகளைப் போடுகிறார்கள். வால்வுகள் மூட நேரமில்லாமல் துள்ளுவதைத் தடுக்கக் கெட்டியான வால்வு ஸ்பிரிங்குகளும் வரும்.

பிஸ்டனுக்கு வேறு கவலை. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். போட்டி எஞ்சினின் புகையோ 800 டிகிரியைத் தாண்டும். பிறகு எப்படி பிஸ்டன் உருகாமல் இருக்கிறது? அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடுப்பில் ஒன்றும் ஆவதில்லை. தண்ணீர் வற்றியதை மறந்துவிட்டால்தான் அடி நெளிந்து ஓட்டையாகிறது. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எஞ்சின் ஆயிலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும் குழாய்தான் இங்கே பாத்திரத்துத் தண்ணீர். ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடுவதும் இன்னொரு காப்பு. இதே சூட்டில் நாள் முழுக்க ஏர் ஓட்டினால் பிஸ்டன் மிஞ்சாது. ஓட்டுநருக்கு எதிரே புகையின் சூட்டைக் காட்டும் பைரோமீட்டர் இருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முதலில் அதைத்தான் பேசுவார்கள்.

எஞ்சினைப் பெரிதாக்கவும் ஒரு வழி உண்டு. இன்டர்நேஷனலின் இந்த எஞ்சின் குடும்பத்தில் 414, 436, 466 என்று மூன்றுக்கும் சிலிண்டரின் வாய் ஒரே அளவு: 4.30 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 4.75, 5.00, 5.35 அங்குலம் என்று கூடிக்கொண்டே போகும். ஒரே வாய் அகலத்தில் உயரமான குவளை. லாரிகளில் லட்சக்கணக்கில் ஓடிய 466-ஐ எடுத்து 1066-இல் பூட்டுவது அதனால்தான் வாடிக்கையாயிற்று.

பிளைவீல், டயர் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். வார்ப்பிரும்பு பிளைவீல் இந்த வேகத்தில் சிதறும் என்பதால் எஃகுப் பிளைவீல். மண்ணைக் கவ்வும்படி பட்டைகளைச் சீவிய டயர். முன்பக்கம் தூக்காமலிருக்க மூக்கில் தொங்கும் எடைக்கட்டிகள்.

ஆனால் பாதுகாப்பை ஒரு வரியில் முடிக்க முடியாது. வாணலி எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூடியைப் போட்டு மூட வேண்டும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். டர்போவின் சீல் உடைந்தால் எஞ்சின் தன் சொந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். டீசலை நிறுத்தினாலும் அது நிற்காது; இன்னும் வேகமெடுக்கும். அதை அணைக்க ஒரே வழி காற்றை மூடுவது. அதனால் காற்று நுழையும் வாயில் ஒரு மூடியும், அதை இழுத்து மூட ஒரு கம்பியும் கட்டாயம். அந்தக் கம்பியின் மறுமுனை சறுக்கு வண்டியில் மாட்டியிருக்கும். டிராக்டர் வண்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு ஓடினால் கம்பி இழுபட்டு மூடி விழுந்துவிடும். புகைக்குழாய்க்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு போல்ட்டுகளைச் செருகி வைப்பார்கள். டர்போ சக்கரம் உடைந்தாலும் துண்டு கூட்டத்துக்குள் பறக்காது. எஞ்சினின் இரு பக்கமும் இரும்புத் தகடு, ஓட்டுநரைச் சுற்றி இரும்புக் கூண்டு, பின்பக்கம் கவிழாமல் தாங்கும் கால்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் தடத்துக்குள் விடக் கூடாது. பழைய டிராக்டரை அன்போடு எழுப்பியவர் அதோடு உயிரோடு வீடு திரும்ப வேண்டும்.

ஓட்டம் முடிந்ததும் ஆயில் பில்டரை அறுத்து, அதன் காகித மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் எஞ்சினைப் பிரித்துவிட வேண்டும். சுத்தமாக இருந்தால் அடுத்த ஊருக்குப் போகலாம்.

உங்கள் கொட்டகையில் பழைய டிராக்டர் ஒன்று இன்னும் உழுதுகொண்டிருக்கலாம். இழுப்புப் போதவில்லை என்று பம்பின் திருகைத் திருப்பி டீசலைக் கூட்ட யாராவது சொன்னால், தயவுசெய்து கேட்காதீர்கள். கரும்புகை வந்தால் முதலில் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். அதன் கிண்ணத்தில் ஆயில் சேறாகிக் கிடந்தால் கழுவி, புது ஆயிலைக் குறியளவு ஊற்றி மாட்டுங்கள்.